குழந்தையின் மண்டை வடிவமும் முப்பரிமாணப் படமும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை

இங்கிலாந்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், படம் பிடிக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள். பின்மண்டை ஒரு பக்கம் சப்பை, நெற்றி கூம்பியிருக்கிறது, தலை படகு மாதிரி நீளம் என்று யாராவது ஒரு டாக்டர் எழுதி அனுப்பியிருப்பார். இங்கே லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் வாட்ஸ்அப்பில் கேட்டதையே கேட்பதால், சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஸ்கேன் என்கிறார்களே, சி.டி. மாதிரி குழாய்க்குள் போக வேண்டுமா?

வேண்டாம். பெயரில் ஸ்கேன் இருப்பதால் வருகிற குழப்பம் இது, நடப்பது போட்டோ எடுப்பதுதான். முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறித் தாவுவது போலத் தெரியும். மூக்கருகே கொண்டுவந்தால் தாவல் பெரிது, தள்ளிப் பிடித்தால் சிறிது. தாவல் எவ்வளவு என்று தெரிந்தால் விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கேமராக்கள் போடுகிற கணக்கும் அதேதான். தலையைச் சுற்றிப் பல கோணங்களில் ஜோடி ஜோடியாகக் கேமராக்கள் நிற்கும், எல்லாம் ஒரே சமயத்தில் க்ளிக் ஆகும். அந்தக் கணம் தோல்மீது புள்ளிபுள்ளியாக ஒரு வெளிச்சம் விழுந்து மறையும். குழந்தையின் தோல் வழுவழு என்று ஒரே மாதிரி இருப்பதால், ஒரு கேமரா பார்த்த இடத்தையே இன்னொன்றும் பார்க்கிறதா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க அந்தப் புள்ளிகள் வேண்டும். பிறகு ஆயிரக்கணக்கான சின்ன முக்கோணங்களால் பின்னிய வலையாக மண்டையின் மேற்பரப்பு திரையில் எழும்பும். மேலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு அதிகம் புழங்கும் 3டிஎம்டி வகைக் கருவி ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்வது சுமார் 1.5 மில்லிநொடி. அளவுப் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. இது தவிர, குழந்தையைப் படுக்கவைத்து ஓரிரு நொடியில் லேசர் கோட்டால் அளக்கும் ஸ்டார்ஸ்கேனர் போன்றவை, தலை வடிவத்தைத் திருத்தக் குழந்தைக்கு மாட்டும் ஹெல்மெட் செய்யும் இடங்களில் உண்டு. கையில் பிடித்துத் தலையைச் சுற்றி நகர்த்தும் கருவிகளும் உண்டு. அவை மலிவு, ஆனால் சுற்றி முடிப்பதற்குள் குழந்தை நாலு தடவை தலையைத் திருப்பிவிடும்.

கதிர்வீச்சு?

இல்லை. போட்டோ பிளாஷ் அளவுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். மயக்க மருந்தும் தேவையில்லை.

குழந்தை டாக்டர் ஒவ்வொரு தடவையும் டேப் வைத்துத் தலையை அளக்கிறாரே, அது போதாதா?

அந்த டேப் ரொம்ப முக்கியமானது, தலை வளர்கிறதா என்று அது சொல்லும். ஆனால் எந்தப் பக்கமாக வளர்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு குழந்தையின் தலை 15.6 செ.மீ. நீளம், 11.2 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 13.8 நீளம், 13 அகலம். நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு நம் ராமானுஜன் தந்த தோராயச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் தலை 42.4, இரண்டாவது 42.1. டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே காணாமல் போகிற வித்தியாசம். அட்டையில் இரண்டு குழந்தைக்கும் 42 என்று எழுதிவிடுவார்கள், ஆனால் ஒன்று படகுத் தலை, மற்றது கிட்டத்தட்ட உருண்டை.

தலை சப்பையாக இருந்தாலே பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. குழந்தை மல்லாக்கப் படுத்து, ஒரே பக்கம் திரும்பித் தூங்கித் தூங்கி வந்த சப்பை அது. திடீர்ச் சிசு மரணத்தைத் தவிர்க்கக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாது என்று 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது, பிரிட்டனில் அதற்கு முந்தைய வருஷமே அதே பிரசாரம் தொடங்கியிருந்தது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன, சப்பைத் தலைகள் கூடின. நல்ல பேரம்தான் என்பேன். தயவுசெய்து தலை உருண்டையாக வர வேண்டும் என்று குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்காதீர்கள். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருந்து, குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்து ஒரு பக்கம் திரும்பவே மறுத்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம், பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும்.

கவலைப்பட வேண்டிய வகை வேறு. குழந்தையின் மண்டை ஒரே எலும்பு கிடையாது. தட்டுத் தட்டாக இருக்கும், நடுவில் இணைப்புக் கோடுகள் ஓடும், டாக்டர்கள் அவற்றைச் சூச்சர் என்பார்கள். கோடுகள் சேரும் இடத்தில் மெத்தென்று இருப்பதுதான் உச்சிக்குழி. மூளை முதல் வருஷத்தில் வேகவேகமாக வளரும்போது (பிறந்தபோது 35 செ.மீ. இருக்கும் தலை ஓராண்டில் இன்னும் 12 செ.மீ. கூடுகிறது) இந்தக் கோடுகள் இடம் கொடுக்கும். ஏதாவது ஒரு கோடு காலத்துக்கு முன்னால் ஒட்டிப்போனால் தலை அந்தத் திசையில் விரிய முடியாமல் வேறு திசையில் தள்ளிக்கொண்டு போகும். இதன் பெயர் கிரேனியோசினாஸ்டோசிஸ், சுமார் 2000 முதல் 2500 பிறப்புகளுக்கு ஒன்று. உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு ஒட்டினால் படகுத் தலை, இதுதான் எண்ணிக்கையில் அதிகம். நெற்றி நடுக்கோடு என்றால் மேலிருந்து பார்க்க முக்கோணம். காதிலிருந்து உச்சிக்கு ஏறும் கோடு ஒரு பக்கம் ஒட்டினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகிப் புருவம் மேலே இழுக்கும்.

பின்மண்டைச் சப்பையில்தான் குழப்பம் வரும். மேலிருந்து பாருங்கள். படுத்து வந்த சப்பை என்றால் அந்தப் பக்கத்துக் காதும் நெற்றியும் சேர்ந்து முன்னால் தள்ளியிருக்கும், பள்ளிக்கூடத்தில் வரைந்த இணைகரம் மாதிரி. பின்கோடு ஒட்டியிருந்தால் வடிவம் சரிவகத்தை நோக்கிப் போகும், காதுக்குப் பின்னால் எலும்பு புடைக்கும். இந்தப் பின்கோடு ஒட்டுவது மிக அபூர்வம். ஆனால் வீட்டில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது இணைகரமா சரிவகமா என்று யாருக்கும் தெரிவதில்லை, எனக்கே தெரிவதில்லை. திரையில் மேலிருந்து பார்க்கும் படம் வந்தவுடன் பளிச்சென்று தெரியும்.

அப்படியானால் கோடு ஒட்டிவிட்டதா என்று இந்தப் படமே சொல்லிவிடுமா?

சொல்லாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கேமரா பார்ப்பது தோலை. தோலுக்குக் கீழே எலும்பு, எலும்பில் கோடு, உள்ளே மூளை, மூளையில் அழுத்தம் எதுவும் அதற்குத் தெரியாது. இந்த மாதிரி ஒட்டியிருந்தால் வடிவம் இப்படித்தான் வரும் என்ற பொருத்தத்தைக் காட்டும், அவ்வளவே. அனுபவமுள்ள ஒரு டாக்டர் விரலால் மண்டையைத் தடவி, வரம்பு மாதிரி எலும்பு தட்டுகிறதா, உச்சிக்குழி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு இது ஈடாகாது. சந்தேகம் நீடித்தால் அல்ட்ராசவுண்டில் கோட்டைப் பார்க்கலாம், குழந்தை சின்னதாக இருக்கும்வரை அது நன்றாகவே தெரியும். ஆபரேஷன் என்று முடிவானால் பல இடங்களில் சி.டி. எடுப்பார்கள். உள்ளழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க, கண் டாக்டர் கண்ணின் பின்புற நரம்பைப் பரிசோதிப்பார்.

பிறகு எதற்கு இந்தப் படம் என்றால், தேவையில்லாத சி.டி.யைத் தவிர்க்க. 1985 முதல் 2002 வரை பிரிட்டனில் சின்ன வயதில் சி.டி. எடுத்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. கதிரளவு சேரச் சேர லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு கூடுகிறது, ஆனால் தனிப்பட்ட ஒரு குழந்தைக்கு அந்த வாய்ப்பு சிறியதுதான் என்றது. அதனால் டாக்டர் காரணம் சொல்லி சி.டி. கேட்டால் பயந்து ஓட வேண்டாம். படுத்து வந்த சப்பைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சி.டி. என்றால், ஓடுங்கள்.

ரிப்போர்ட்டில் சி.ஐ., சி.வி.ஏ.ஐ. என்று எண்கள் வருகின்றன. புரியவில்லை.

சி.ஐ. சுலபம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. மேலே சொன்ன படகுத் தலைக்கு 72, உருண்டைத் தலைக்கு 94. பொதுவாக 75க்கும் 85க்கும் நடுவில் இருக்கும் என்பார்கள். ஆனால் அந்த வரம்பு பெரும்பாலும் மேற்கத்தியக் குழந்தைகளை அளந்து வந்தது, ஜப்பான், கொரியா பக்கம் குழந்தைகளின் தலை இயல்பிலேயே அகலம். 86 என்று பார்த்ததும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

சி.வி.ஏ.ஐ. என்பது கோணலின் அளவு. மேலிருந்து பார்க்கும் படத்தில் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்து இரண்டு மூலைவிட்டம் போடுவார்கள். நேரான தலையில் இரண்டும் சமமாக இருக்கும். ஒன்று 132 மி.மீ., மற்றது 124 என்றால் வித்தியாசம் 8. அதை மூலைவிட்டத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வார்கள். 3.5க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று அட்லாண்டாவின் குழந்தைகள் மருத்துவமனை போட்ட அட்டவணை சொல்கிறது. 6.25 வரை லேசானது, 8.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இங்கே ஒரு கூத்து இருக்கிறது. எந்த மூலைவிட்டத்தால் வகுப்பது? சிலர் பெரியதால் வகுக்கிறார்கள், சிலர் சிறியதால். 8ஐ 132ஆல் வகுத்தால் 6.06, லேசானது. அதே 8ஐ 124ஆல் வகுத்தால் 6.45, நடுத்தரம் ஆகிவிட்டது! குழந்தை அதே குழந்தை, தலை அதே தலை. போதாததற்கு, மண்டையை எந்த உயரத்தில் குறுக்கே வெட்டி அளக்கிறார்கள் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். போன மாதம் ஒரு கிளினிக்கில் எடுத்த எண்ணை இந்த மாதம் வேறு கிளினிக் தந்த எண்ணோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்றோ மோசம் என்றோ சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒரே கருவி, ஒரே கணக்கு, இரண்டு தேதி, இப்படி இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

குழந்தை ஒரு நிமிஷம் சும்மா இருக்காதே, எப்படி எடுப்பீர்கள்?

அம்மா அல்லது அப்பா மடியில்தான். முதலில் தலையில் ஒரு தொப்பி மாட்டுவேன், பெண்கள் போடும் ஸ்டாக்கிங் மாதிரி மெல்லிய நைலான். முடியை அழுத்திப் படியவைப்பதற்காக. தொப்பி மாட்டுகிற அந்தப் பத்து நொடிதான் மொத்த வேலையிலும் போர்க்களம். காதுகள் வெளியே தெரிய வேண்டும், ஏனென்றால் காதுக்கு முன்னாலிருக்கும் சின்ன மடலும் மூக்கின் மேல் பள்ளமும்தான் அளவெடுக்க அடையாளப் புள்ளிகள். உச்சியில் தொப்பி கூம்பி மடிப்பு விழுந்தால் திரையில் அது கொம்பு மாதிரி நிற்கும், மண்டையின் கொள்ளளவும் பொய்யாகக் கூடும். அதனால் உச்சியை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் க்ளிக் செய்வேன். மடியில் வைத்திருப்பவர் கையைத் தாடைக்குக் கீழே பிடிக்க வேண்டும், பிடரிக்கு வந்துவிட்டால் படத்தில் பின்மண்டையோடு ஐந்து விரல் முளைத்திருக்கும். அழுதால் பரவாயில்லை. 1.5 மில்லிநொடிக்கு அழுகையும் ஒன்றுதான் சிரிப்பும் ஒன்றுதான், வாய்தான் திறந்திருக்கும், மண்டை மாறாது. ஒன்றுக்கு மூன்று படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்வோம். எல்லாம் ஐந்து பத்து நிமிஷ வேலை.

மொட்டை போட்ட பிறகு வரலாமா? எண்ணெய் வைக்கலாமா?

நம்மவர்கள் மட்டும் கேட்கிற கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மொட்டைத் தலை மாதிரி எங்களுக்கு வசதி எதுவும் இல்லை, முடியின் தடிமனே கணக்கில் சேராது. அடர்ந்த சுருட்டை முடி என்றால் தொப்பி போட்டாலும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். ஆனால் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து மாதம் காத்திருக்காதீர்கள், கீழே ஆபரேஷன் பற்றி எழுதியதைப் பாருங்கள்.

எண்ணெய் மட்டும் அன்றைக்கு வேண்டாம். மொட்டையில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தால் வெளிச்சம் பட்டுத் தெறித்து அந்த இடத்தில் வலையில் ஓட்டை விழும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை.

ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

சர்ச்சையான இடம். நெதர்லாந்தில் 5, 6 மாதக் குழந்தைகள் 84 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹெல்மெட், மறு பாதிக்கு ஒன்றும் செய்யாமல் விட்டு, இரண்டு வயதில் அளந்தார்கள், 2014ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிகக் கடுமையான கோணல் உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை, ஹெல்மெட்டுகள் சரியாகப் பொருந்தவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2016ல் வந்த நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல், படுக்கும் நிலையை மாற்றியும் பிசியோதெரபி செய்தும் குறையாத நடுத்தர, கடுமையான கோணலுக்கு ஹெல்மெட்டை ஆதரிக்கிறது. பிரிட்டனில் படுத்து வந்த சப்பைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் பொதுவாக ஹெல்மெட் தருவதில்லை, வேண்டுமென்றால் சொந்தக் காசு.

என் கருத்து: ஹெல்மெட் விற்கிற இடத்திலேயே அளந்து, அந்த இடத்திலேயே கடுமை என்று ரிப்போர்ட் வாங்கி, அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். ஒரு மாதம் படுக்கும் பக்கத்தை மாற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், வெளியே தள்ளிய இடம் சிவப்பாகவும் உள்ளே போன இடம் நீலமாகவும் வண்ணம் போட்டுக் காட்டுவார்கள். ஒரு எச்சரிக்கை, குழந்தை அந்த மாதத்தில் வளர்ந்திருக்கும், அதனால் எல்லா இடமும் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் இருக்கும். சப்பைப் பக்கம் மற்றப் பக்கத்தைவிட அதிகம் நிரம்பியிருக்கிறதா என்பதே கேள்வி, வெறும் சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது.

குளிப்பாட்டும்போது பாட்டி தலையை உருட்டிவிடுகிறார், கடுகுத் தலையணையும் வைத்திருக்கிறோம்.

பிரசவத்தில் நசுங்கி வந்த தலை சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் தானே சரியாகும். அதைப் பாட்டி உருட்டியதால் வந்தது என்று பாட்டி நம்புகிறார், நம்பட்டும். எண்ணெய் தடவி மெல்லத் தேய்ப்பதில் தப்பில்லை, அழுத்தக் கூடாது, உச்சிக்குழியில் கை வைக்கக் கூடாது. ஒட்டிய கோட்டை எந்தக் கையும் உருட்டிப் பிரிக்க முடியாது. தலையணை விஷயத்தில் பாட்டியோடு சண்டை போடலாம். தலையை உருண்டையாக்கும் தலையணை எதுவும் வேண்டாம், மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு என்று 2022ல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எச்சரித்தது.

ஆபரேஷன் என்றால் எப்போது? அதில் இந்தப் படத்துக்கு என்ன வேலை?

முறையைப் பொறுத்தது. சின்னக் கீறல் வழியாக உள்நோக்கிக் கருவி விட்டு ஒட்டிய எலும்பை ஒரு பட்டையாக எடுக்கும் முறைக்கு மூன்று மாத வயதை ஒட்டிச் செய்ய விரும்புவார்கள், அதன் பிறகு மாதக்கணக்கில் ஹெல்மெட் உண்டு. எலும்புக்கு இடையே சிறு கம்பிச் சுருள் வைத்து மெல்ல விரியவிடும் முறை ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் தொடங்கியது, லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் செய்கிறார்கள். மண்டையைத் திறந்து எலும்புகளை மாற்றி அடுக்கும் பெரிய ஆபரேஷன் பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள். அதனால்தான் தாமதம் பற்றிப் புலம்புகிறேன். ஏழாம் மாதம் வருகிற குழந்தைக்குச் சின்ன ஆபரேஷன் என்ற கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். இங்கிலாந்தில் இதற்கென்றே லண்டன், பர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்ட், லிவர்பூல் என நான்கு சிறப்பு மையங்கள் உள்ளன.

படத்தின் வேலை முன்னும் பின்னும். ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, வீக்கம் வடிந்த பிறகு ஒன்று, பிறகு வருஷக்கணக்கில் அவ்வப்போது. ஐந்து வயதில் வரும் பையனின் படத்தோடு அவனுடைய நாலு மாதப் படத்தை அடுக்கிப் பார்க்கலாம். சி.டி.யை இப்படித் திரும்பத் திரும்ப எடுக்க யாருக்கும் மனசு வராது.

போன் ஆப்பில் எடுத்தால்?

வந்துவிட்டன, போனின் கேமராவையும் ஆழம் அளக்கும் சென்சாரையும் வைத்து. தூரத்து ஊரிலிருந்து டாக்டருக்கு அனுப்ப நல்ல வழி. வீட்டில் மாதம் ஒரு தடவை ஒரே உயரத்திலிருந்து உச்சிக்கு மேலே ஒரு சாதாரண போட்டோ எடுத்து வைப்பதும் டாக்டருக்கு உதவும். ஆப் பச்சை விளக்குக் காட்டியதால் டாக்டரைப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. வரம்பு மாதிரி எலும்பு தட்டுவது, பிறந்ததிலிருந்தே கோணலாக இருந்து நாளாக ஆக மோசமாவது, தலைச் சுற்றளவு வளராமல் நிற்பது, உச்சிக்குழி புடைப்பது, காரணமில்லாத வாந்தி, இவற்றில் எது இருந்தாலும் ஆப்பை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குமா என்றும் கேட்கிறார்கள். நெதர்லாந்தில் இப்படி எடுத்த முப்பரிமாணப் படங்களைக் கொடுத்துப் பழக்கி, படகுத் தலை, முக்கோண நெற்றி, ஒரு பக்க நெற்றிச் சப்பை ஆகியவற்றை இயல்பான தலையிலிருந்து பிரித்தறியச் செய்து 2020ல் வெளியிட்டார்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகப் பிரித்தது. சந்தேகமில்லாத படங்களில் நன்றாகச் செய்யும் என்று எனக்கும் தோன்றுகிறது. என் அறையில் டாக்டர்கள் தலையைச் சொறிவது நடுவாந்தரப் படங்களைப் பார்த்துத்தான்.

படத்தை நாங்கள் வாங்கிக்கொள்ளலாமா?

கேளுங்கள். பி.டி.எஃப். ரிப்போர்ட்டோடு நிற்காமல், அசல் முப்பரிமாணக் கோப்பையும் கேளுங்கள், எஸ்.டி.எல். அல்லது ஓ.பி.ஜே. என்று முடியும். ஊர் மாறினால் புது டாக்டர் அதை வைத்து அவர் முறையிலேயே மறுபடி அளந்துகொள்ளலாம், 6.06ஆ 6.45ஆ என்ற சண்டை இருக்காது. படம் எடுத்த தேதியும் அன்றைய வயதும் அதில் இருக்கிறதா பாருங்கள். குறைப்பிரசவக் குழந்தை என்றால் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அதில் குழந்தையின் முகம் முழுசாக இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்க மாட்டார்கள்.